பாக்கியரத்தினத்தின் கேம்ஷாப்ட்

எனக்குக் கோபம் வரும். அது ஊருக்கே தெரியும். திருகோணமலை மார்க்கெட்டில் நின்று "ஸஹாப்தீன் பாஸின் கராஜ் எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். "துறைமுக வீதியால் போங்கள், எங்கே கத்துகிற சத்தம் கேட்கிறதோ அதுதான்" என்பார்கள். வாய் கத்தினாலும் கை பிழைக்காது என்று பெருமை பேசிக்கொண்டு திரிந்தவன் நான். ஒரு முறை பிழைத்தது. அதைத்தான் சொல்கிறேன். இடையில் கேள்வி கேட்டால் எழும்பிப் போய்விடுவேன்.

1961ஆம் ஆண்டு கார்த்திகை மாதம், லிங்கநகர் இராசதுரையின் ஒரே மகன் பாக்கியரத்தினம் தன் காரோடு கடலுக்குள் போய்ச் செத்தான். அவன் வேண்டுமென்றே விட்டான் என்று ஊர் சொன்னது. அப்படியில்லை என்று எனக்கு அடுத்த நாளே தெரியும். பதினொரு வருடம் நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பதினொரு வருடமும் அவன் என்னை விடவுமில்லை.

அந்தக் கார் ஒரு வெள்ளைக்கார நேவி ஒபிசருடையது. இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, கூரை இல்லாத, தாழ்வான பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார். 1957இல் வெள்ளைக்காரர்கள் துறைமுகத்தைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறியபோது அவன் அதை விற்றுவிட்டுப் போனான். இராசதுரை கப்பல்களுக்கு மரக்கறி, இறைச்சி கொடுத்து வந்த ஆள். மகன் கேட்டான் என்று வாங்கிக் கொடுத்தார். பிறகு அதற்காகவே அவனை ஒவ்வொரு நாளும் ஏசினார். நான் அதே துறைமுக வேலைத்தலத்தில் பதினாறு வருடம் எஞ்சின் கட்டியவன். வெள்ளைக்காரன் போனதும் சொந்தமாகக் கராஜ் போட்டேன். கார் என்னிடம்தான் வந்தது.

பாக்கியரத்தினம் நல்ல பிள்ளை. இருபத்தாறு வயது, மெலிந்த உடம்பு, எதையும் அதிர்ந்து பேசமாட்டான். ஆனால் வேகம் என்றால் விசர். மலைநாட்டில் நடக்கிற காரோட்டப் போட்டிக்குப் போகவேண்டும் என்று ஒரே பிடியாக நின்றான். இங்கிலாந்துக்கு எழுதி ஒரு புதுக் கேம்ஷாப்ட் எடுப்பித்தான்.

இதைக் கொஞ்சம் விளக்கினால்தான் மற்றது விளங்கும். எஞ்சின் மூச்சு விடுவது வால்வுகளால். அந்த வால்வுகளைத் தட்டித் திறக்கிற தண்டுதான் கேம்ஷாப்ட். தண்டு முழுக்க மூக்குமூக்காகப் புடைத்திருக்கும். மூக்கு உயர்ந்தால் வால்வு கூடத் திறக்கும், கூட நேரம் திறந்து நிற்கும், எஞ்சின் பெரிதாக மூச்சு வாங்கும். காற்றை உள்ளே திணிக்கிற பம்பு கிம்பு ஒன்றும் இல்லாத எஞ்சின் அது. அதன் சொந்த மூச்சைப் பெருப்பிப்பதுதான் வழி. ஒரு குறை மட்டும் உண்டு. அந்த மாதிரித் தண்டு போட்ட எஞ்சின் மெதுவாக ஓடும்போது நொண்டும். டப், டப் என்று இரண்டு அடி வைத்துவிட்டு, ஒரு அடியை விழுங்கி, பிறகு டப் என்னும். முடுக்கினால் அந்த நொண்டல் போய்ப் பாட்டு வந்துவிடும்.

பத்து நாள் மினக்கெட்டு அந்த வேலையைச் செய்தேன். என் கையில் அதைப்போல வேலை அதற்கு முன்னும் நடக்கவில்லை, பின்னும் நடக்கவில்லை.

என் கராஜில் ஒரு வழக்கம் இருந்தது. கழற்றிக் கட்டிய எஞ்சினை முதல் முறை ஸ்டார்ட் பண்ணினால் முடுக்கமாட்டேன். ஆக மெதுவாக ஓடவிட்டு, மட்காட்டில் கையை வைத்து ஓதுவேன். பிறந்த பிள்ளையின் காதில் நாங்கள் மெல்லத்தானே பாங்கு சொல்கிறோம்? கத்துவோமா? எஞ்சினும் அன்றைக்குப் பிறந்த பிள்ளைதான், ஓதுவது அதற்குக் கேட்கவேண்டும் என்பது என் எண்ணம். லொறி, பஸ் என்று எத்தனை எஞ்சின் அப்படிக் கண் விழித்தது! ஒன்றுக்கும் ஒரு கேடும் வரவில்லை. அவற்றில் இருந்தது பழைய தண்டு, அதனால் வரவில்லை. அது அப்போது எனக்குத் தெரியாது.

அன்றைக்குப் பெரிய வேலை என்பதால் ஃபாத்திஹாவோடு நிறுத்தவில்லை. குர்ஆனின் யாஸீன் அத்தியாயம் முழுக்க ஓதினேன். இருபது நிமிடமாவது ஆகியிருக்கும். எஞ்சின் நொண்டி நொண்டி ஓடிக்கொண்டிருந்தது. பாக்கியரத்தினம் கையில் ஒரு கடதாசியோடு பக்கத்தில் வந்து நின்றான். என்னைப் பார்த்தான், கடதாசியைப் பார்த்தான், வாயைத் திறந்தான். நான் ஓதிக்கொண்டே விரலை உயர்த்திப் பேசாமல் நிற்கச் சொன்னேன். அவனும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஓதி முடித்த பிறகுதான் பேசினான். அண்ணன் முறை வைத்து என்னை நானா என்றுதான் கூப்பிடுவான்.

"நானா, கோவிக்காதீங்கோ. பெட்டிக்குள்ள வந்த கடதாசியில ஒரு விசயம் போட்டிருக்கு…"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"தம்பி, பதினாறு வருசம் நான் வெள்ளைக்காரன்ட எஞ்சின் கட்டினவன். கண்டறியாத கடதாசி! கடதாசி சொல்றபடி நடக்கிறதெண்டா, வேலையையும் அந்தக் கடதாசிக்கிட்டயே குடுங்க!"

அவன் சிரித்தான். "சரி நானா, விடுங்கோ" என்று கடதாசியை மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தான். எனக்கு அந்தச் சிரிப்பு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

இரண்டு கிழமையில் கார் திரும்பி வந்தது. மேலே டொக்டொக் என்று ஒரு சத்தம். வால்வு இடைவெளி கூடியிருந்தது, இறுக்கிக் கொடுத்தேன். பத்து நாளில் மறுபடி வந்தது, மறுபடி இறுக்கினேன். புதுத் தண்டுக்கு இடைவெளி அப்படித் திரும்பத் திரும்பக் கூடக்கூடாது. படிப்பில்லாத மெக்கானிக்குக்கும் அது தெரியும். "புது எஞ்சின், இருந்து பழக நாளெடுக்கும்" என்று சொல்லி அனுப்பினேன். மூன்றாவது முறை ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தான். நான் ஜும்ஆத் தொழுகைக்குக் குளிக்கப் போகிற அவசரத்தில், "திங்கட்கிழமை வாங்க தம்பி" என்று கையைக் காட்டினேன்.

அன்று பகல் மழைக்குள் சீனக்குடா வீதியில் போயிருக்கிறான். நாலாங்கட்டை மைல்கல் தாண்டினதும் கடலை ஒட்டி ஒரு வளைவு இருக்கிறது. எதிரே வந்த பஸ்காரர்கள் கண்டார்கள். கார் வளையவேயில்லையாம், நேரே கடலுக்குள் போனதாம். தெருவில் பிரேக் பிடித்த தடமும் இல்லை. கொட்டுகிற மழைக்குள் என்ன தடம் நிற்கும் என்று ஒரு மடையனும் யோசிக்கவில்லை. அன்று காலை அவனுக்கும் வீட்டுக்கும் சண்டை நடந்தது அக்கம்பக்கத்துக்குக் கேட்டிருந்தது. போதாதா? மாலைக்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது.

மறுநாள் துறைமுகத்துக் கிரேன் வந்து காரை இழுத்தது. சங்கிலி கட்ட இடுப்பளவு தண்ணீரில் இறங்கியவன் நான். பின் சில்லுகள் உருளவில்லை. கியரை எடுத்துவிட்டேன், சில்லு சுற்றியது. அப்படியென்றால் எஞ்சின் இறுகிப்போய் சில்லைப் பிடித்து வைத்திருக்கிறது. கடல் தண்ணீர் குடித்தாலும் எஞ்சின் இறுகும்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நெஞ்சு நம்பவில்லை.

"அந்தச் சனியனை என்ர கண்ணில காட்டாதையும்" என்றார் இராசதுரை. கராஜின் பின்பக்கம் கொண்டுபோய் வைத்துத் தறப்பாளால் மூடினேன். மகனுடைய படத்தை அவர் சுவரிலிருந்து கழற்றிவிட்டார். "தானாச் செத்தவனுக்கு என்ர வீட்டில திவசம் இல்லை" என்று சொல்லிவிட்டாராம். அது என் காதுக்கு வந்தது. அப்போது போய்ச் சொல்லியிருக்கலாம். அவன் தானாகச் சாகவில்லை, என் எஞ்சின் பிடித்து வைத்ததால் செத்தான் என்று இரண்டு வார்த்தை. போகவில்லை. ஊர் கட்டிய கதைக்குள் ஒளிந்துகொண்டேன். கோபக்காரன் தைரியசாலி என்று நினைக்காதீர்கள். நான் பேடி.

ஒரு மாதம் கழித்து, பகல் சாப்பாட்டு நேரம். என் மனைவி நஜ்முன் நிஸா சோறு கொண்டுவந்தவள் வாசலில் நின்று கேட்டாள்.

"பின்னுக்கு ஆருட காரை ஸ்டார்ட்டில விட்டிருக்கீங்க? நொண்டி நொண்டி ஓடுது. நிப்பாட்டிப் போட்டு வாங்களேன், சோறு ஆறுது."

பின்பக்கம் அந்த ஒரு கார்தான் இருந்தது. எனக்கு மட்டும் கேட்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். டப், டப். ஒரு அடியை விழுங்கி, டப். போய்த் தறப்பாளுக்குள் கையை விட்டேன். பொனட் சுட்டது. தகரக் கூரை நிழலில் நிற்கிற இரும்பு எப்படிச் சுடும்? இறுகிப்போன எஞ்சின் எப்படி ஓடும்? நான் வந்து சோற்றில் கையை வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழும்பிப் போனவள்தான், பிறகு கராஜ் பக்கம் வரவேயில்லை. சாப்பாடு தெருவில் போகிறவர் கையில்தான் வரும்.

பள்ளிவாசலில் ஓதுகிற லெப்பையைக் கூப்பிட்டேன். ஓதினார், தண்ணீர் தெளித்தார், ஸ்டேரிங்கில் நூல் கட்டினார், தன் மோட்டார் சைக்கிளையும் சும்மா செய்வித்துக்கொண்டு போனார். அடுத்த வெள்ளிக்கிழமை எஞ்சின் திரும்ப ஓடியது.

போகப் போக எல்லா வண்டியிலும் அது கேட்கத் தொடங்கியது. எந்த எஞ்சினில் காதை வைத்தாலும் அந்த நொண்டல். வால்வு இடைவெளி பார்க்கிற வேலை வந்தால் முனாபின் கராஜுக்கு அனுப்பிவிடுவேன். "உனக்கென்ன காது செவிடா?" என்று முனாப் கேட்பான். செவிடாகியிருந்தால் இரண்டு ரக்அத் தொழுது நன்றி சொல்லியிருப்பேன். மார்க்கெட்டில் பாக்கியரத்தினத்தின் தாய் நல்லம்மாவைத் தூரத்தில் கண்டால் மற்றப் பக்கத்தால் நடப்பேன்.

1972இல் ஒரு புதன்கிழமை காலை நல்லம்மா கராஜுக்கு வந்தார். குடையை மடித்துவிட்டு நின்றார். மெலிந்து பாதியாகியிருந்தார்.

"தம்பி, உங்களிட்ட ஒரு உதவி."

"இருங்க அம்மா" என்று கதிரையைத் துடைத்துப் போட்டேன்.

"அவன்ர அறையை இவர் அண்டைக்குப் பூட்டினவர், திறப்பை இடுப்பில கொண்டு திரிஞ்சவர். கூரை ஒழுகுதெண்டு போன கிழமைதான் திறந்தது. அலுமாரிக்குள்ள அவன்ர காற்சட்டைப் பையில இது கிடந்தது." முந்தானையிலிருந்து ஒரு மடித்த கடதாசியை எடுத்தார். "முன்னுக்கு அச்சடிச்சிருக்கு. பின்னுக்கு அவன்ர கையெழுத்து. இங்கிலீசு எனக்கு விளங்காது. இவரிட்டக் காட்டப் பயம். வேற ஆரிட்டயும் காட்ட வெக்கம். சாகப்போற பிள்ளை எனக்கு ஏதும் எழுதி வச்சிட்டுப் போனவனோ எண்டு… நீங்கள் அவனோட பழகின ஆள். வாசிச்சுச் சொல்லுங்கோ."

நான் வாசித்தேன். புதுத் தண்டு போட்ட எஞ்சினை முதல் இருபது நிமிடம் மெதுவாக ஓடவிடவே கூடாது, ஸ்டார்ட் ஆன உடனே முடுக்கிப் பிடிக்கவேண்டும், மெதுவாக ஓடினால் எண்ணெய் மூக்குகளுக்கு எறிபடாது, மூக்குகள் அந்த இருபது நிமிடத்திலேயே கெட்டுவிடும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே கோடு வேறு இழுத்திருந்தார்கள். நான் யாஸீன் ஓதி முடித்த அதே இருபது நிமிடம். கடதாசியைத் திருப்பினேன். பென்சிலால் இங்கிலீசில் இரண்டு வரி. 'நானாவிடம் இன்னொருமுறை கேட்கவேண்டும். கோபிக்காத நேரம் பார்க்கவேண்டும்.'

யா அல்லாஹ்! அந்த மனுசி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கார்ச் சாமான்ட பேர் அம்மா. வேற ஒண்டுமில்லை."

"பின்பக்கம்?"

"அதுவும் சாமான் பேர்தான்."

"அப்ப எனக்கு ஒண்டும் சொல்லாமத்தான் போயிட்டான்" என்றார். கடதாசியை எடுக்கவும் மறந்து, குடையை விரித்துக்கொண்டு வெயிலுக்குள் இறங்கிப் போனார்.

அவர் தெருமுனை தாண்டவில்லை, பின்பக்கம் எஞ்சின் ஓடத் தொடங்கியது. பட்டப்பகல், பத்து மணி. நான் ஓடிப்போய் நின்று கத்தினேன். "விளங்கிச்சுடா! விளங்கிச்சு! இனி என்ன வேணும் உனக்கு?" கையிலிருந்த ஸ்பனரால் எறிந்தேன். அது நிற்கவில்லை. ஓதும்போது நின்ற மாதிரி யாரோ பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக நிற்பது போல இருந்தது. அந்தப் பொறுமையை என்னால் தாங்க முடியவில்லை. தறப்பாளைப் பிடித்து இழுத்து எறிந்தேன். சத்தம் நின்றது. உள்ளே துரு பிடித்த இரும்பு மட்டும்தான் இருந்தது.

அன்று முழுக்க எஞ்சினைக் கழற்றினேன். எண்ணெய் ஊறிய இடங்களில் துரு ஏறியிருக்கவில்லை. தண்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். எட்டு மூக்கில் மூன்று மழுங்கி வட்டமாகியிருந்தன. அவற்றில் ஒன்றின்மேல் ஓடிய உருளை உடைந்து, துண்டு கீழே விழுந்து, எஞ்சினின் பெரிய தண்டுக்குள் சிக்கியிருந்தது. கடல் தண்ணீர் செய்த வேலை இல்லை. ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை ஒரு நொடியில் பிடித்து நிறுத்தியது நான் செய்த வேலை.

அடுத்த நாள் காலை தண்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு லிங்கநகருக்கு நடந்தேன். இராசதுரை விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார். நல்லம்மா குசினியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தார்.

"அம்மா, நேற்று நான் உங்களுக்குப் பொய் சொன்னனான்."

நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். ஓதியதை, கடதாசியை, அவன் எழுதிய இரண்டு வரியை, மூன்று முறை அவன் வந்ததை, திங்கட்கிழமை வரச் சொன்னதை. சாக்கை அவிழ்த்து மூக்குகளைக் காட்டினேன். நல்லம்மா அதைப் பார்க்கவேயில்லை.

"அப்ப… அவன் வேணுமெண்டு விடேல்லையா?"

"இல்லை அம்மா. எஞ்சின் சில்லைப் பிடிச்சிட்டுது. வளைக்க அவனுக்கு ஏலாமப் போச்சு. கை பிரேக்கும் மேல இழுத்தபடி கிடந்தது. கடைசிப் பல்லு வரைக்கும் இழுத்திருந்தவன். கியரை எடுக்கிறதுக்கு முதல் நான்தான் அதையும் இறக்கி விட்டனான்."

ஓம், இதை உங்களிடமும் மறைத்துத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். பதினொரு வருடமாக என் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. சாகப்போகிறவன் கை பிரேக் இழுக்கமாட்டான். அந்த ஒரு சாட்சியை என் கையால் அழித்தவன் நான்.

"எவ்வளவு இழுத்திருந்தவன்?" என்றார் நல்லம்மா.

கையால் காட்டினேன்.

"இன்னொருக்காக் காட்டுங்கோ."

காட்டினேன். அவர் என் கையை அந்த உயரத்திலேயே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அழுதார், சிரிப்பு மாதிரியும் ஏதோ வந்தது. "கேட்டியளே?" என்று விறாந்தைப் பக்கம் திரும்பிக் கத்தினார். "என்ர பிள்ளை சாகப் போகேல்ல! என்ர பிள்ளை உயிருக்குப் போராடினவன்!" பிறகு என்னிடம், "அண்டைக்குக் காலமை நான்தான் தம்பி அவனுக்குச் சொன்னனான், அந்தக் காரோடயே போய்த் துலையடா எண்டு. என்ர வாயால. நான் சொன்னதுக்குத்தான் போயிட்டான் எண்டு நினைச்சனான். ஒவ்வொரு நாளும் நினைச்சனான்" என்றார்.

அவர் கண்ணைத் துடைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"காரை இழுத்த அண்டைக்கே."

என் கையை விட்டார்.

"வேலையில பிழை வந்ததை நான் மன்னிப்பன். ஆருக்கும் வரும். அவனும் உங்களில கோவிச்சிருக்கமாட்டான். ஆனா இந்தப் பதினொரு வருசம்… அதை மன்னிக்க என்னால ஏலாது தம்பி."

இராசதுரை கதிரையைப் பிடித்து எழும்பினார். என்னை அடிக்க வருகிறார் என்று நினைத்தேன். அடிக்கமாட்டாரா என்று இருந்தது. அவர் என்னைக் கடந்து உள்ளே போனார். சுவரில் தொங்கிய கலண்டருக்குக் கிட்டப் போய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாள்களைப் புரட்டினார்.

"நல்லம்மா, கார்த்திகையில அவன்ர திதி எண்டைக்கு வருது?"

"எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருசமும் எனக்குத் தெரியும்" என்றார் நல்லம்மா. அவரும் போய்ப் பக்கத்தில் நின்று ஒரு நாளைத் தொட்டுக் காட்டினார். இராசதுரை அந்தத் தாளிலேயே நெற்றியை வைத்துக்கொண்டு, பதினொரு வருடத்துக்குப் பிறகு மகனின் பெயரைச் சொல்லி அழுதார். என்னை ஒருவரும் இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் வாசலிலேயே நின்றேன்.